முதலில் களம், பிறகு கேலரி

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்



பன்னோக்கு உள்விளையாட்டரங்கம் என்ற பொருள் உங்கள் சிண்டிகேட் கூட்டங்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது வந்துபோகும். திட்ட மதிப்பீடு வாசிக்கப்படும். நிதி எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்று விசாரிப்பீர்கள். இத்தனை ஆயிரம் பேர் உட்காரலாம் என்று பொறியாளர் பெருமையோடு சொல்வார். தீர்மானம் நிறைவேறும். திறப்பு விழாவெல்லாம் முடிந்தபின், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த அரங்கத்தின் பூட்டை யார் திறப்பார், உள்ளே யார் வருவார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள் என்று கோரத்தான் இந்த மடல். எந்த அணியிலும் இல்லாத, எந்தப் பதக்கமும் வாங்கப்போகாத மாணவர் வார நாட்களில் வந்து விளையாடுவதற்கென்றே பல்கலைக்கழக அரங்கம் வடிவமைக்கப்பட வேண்டும். அப்படியே நடத்தப்படவும் வேண்டும். போட்டி நாட்கள் அந்த ஏற்பாட்டுக்குள் அடங்கிக்கொள்ளட்டும். பல இடங்களில் நடப்பது இதற்குத் தலைகீழ். ஆண்டுக்குச் சில நாள் வரும் போட்டியையும் விழாவையும் மனத்தில் வைத்துக் கட்டுகிறோம். மிச்ச நாளெல்லாம் பூட்டி வைக்கிறோம்.

கூரைக்குக் கீழே விளையாடும் வழக்கமே சாதாரண மாணவர்களை முன்னிட்டு வளர்ந்ததுதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிரால் வெளியே ஆட முடியாமல், உள்ளே ஒரே மாதிரி உடற்பயிற்சி செய்து சலித்துப்போயிருந்தது 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு. அவர்களைச் சமாளிக்க ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கியதே கூடைப்பந்து. இரண்டு பழக்கூடைகள், ஒரு கால்பந்து, 13 விதிகள், அவ்வளவுதான் முதலீடு. நான்கு ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வாலிபாலை வகுத்தார். கூடைப்பந்தின் ஓட்டமும் மோதலும் ஒத்துவராத நடுவயதுக்காரர்கள்தான் அவர் மனத்தில் இருந்தவர்கள். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியின் மேலாளரும் அவரே. ஒலிம்பிக் வரை அணியை அழைத்துப் போனவர்தான். ஆனாலும் அவர் தொடங்கி நடத்திய கல்லூரியின் வேலை, பள்ளிக்கூடங்களுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கி அனுப்புவது. நம் ஊரில் உடற்கல்வியின் தொடக்கம் இது. நூறாண்டு கழித்து, எத்தனை இருக்கைகள் என்பதை வைத்து அரங்கத்தை அளக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

இதை வெறும் ஏக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு கையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் போதிய உடலசைவு இல்லாத வயதுவந்தோர் 2000இல் சுமார் 22 விழுக்காடு. 2022இல் கிட்டத்தட்ட 50 விழுக்காடு. பெண்களில் இது 57, ஆண்களில் 42. இவர்கள் யாரும் பெரிதாகக் கேட்கப்படவில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு இருந்தால் போதும் என்பதே அளவுகோல். வேகமாக நடந்தால்கூடக் கணக்கில் சேரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவுக்குக் காரணங்கள் பல. ஆனாலும் உட்கார்ந்தே கழியும் வாழ்க்கை அவற்றில் ஒன்று என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை ஒருவர் உங்கள் பொறுப்பில் இருக்கிறார். வேலைக்குப் போனபின் அவருக்கு விளையாடக் கற்றுக்கொடுக்க யாரும் காத்திருக்கப்போவதில்லை. தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டின் சராசரியைவிட மிக அதிகம். 2021-22 கணக்கெடுப்பில் அது 47 விழுக்காடு. இத்தனை இளைஞர்களை ஒரே குடைக்கீழ் எட்டக்கூடிய அமைப்பு பள்ளிக்கு அடுத்து உங்களுடையதுதான்.

அப்படியிருந்தும் சாதாரண மாணவர் ஏன் கணக்கில் வருவதில்லை? அவரை யாரும் எண்ணச் சொல்லவில்லை என்பதால்தான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் சேரும் புள்ளிகளை வைத்து மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. புள்ளி சேர்ப்பவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் லட்சம் மாணவர்களில் சில நூறு பேர். கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பு நெடுநாள் பின்பற்றிய கையேட்டைப் புரட்டினால் விஷயம் இன்னும் தெளிவாகும். விளையாட்டு வசதிகள் இருக்கின்றனவா என்று ஓரிடத்தில் கேட்கும். எத்தனை பதக்கம், விருது என்று வேறோரிடத்தில் கேட்கும். நூலகத்தைப் பற்றிப் பேசும்போதோ, ஒரு நாளைக்கு எத்தனை பேர் உள்ளே வந்து பயன்படுத்தினார்கள் என்று விழுக்காட்டோடு கேட்கும். நூலக வாசலில் பதிவேடு இருக்கிறது. விளையாட்டரங்க வாசலில் இல்லை. புத்தகம் இருக்கிறது என்பதும் வாசிக்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல என்று நூலகத்துக்குப் புரிந்துகொண்ட நாம், மைதானத்துக்கு மட்டும் ஏன் புரிந்துகொள்ள மறுக்கிறோம் என்று தெரியவில்லை.

எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் வரைபடமே மாறிவிடும். கூடைப்பந்துக் களம் 28 × 15 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் 32 × 19. இந்த அளவுள்ள தளத்தில் ஒரு வாலிபால் களம் தாராளமாக அடங்கும். குறுக்குவாட்டில் நான்கு பேட்மிண்டன் களங்களைக் கோடு போடலாம். இரட்டையர் ஆட்டம் என்றால் ஒரே நேரத்தில் 16 பேர். காலை மூன்று மணி நேரம், மாலை நான்கு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று திறந்து வைத்து, மணிக்கு ஒரு குழு மாறினால் வாரத்துக்கு 672 முறை ஆள் வந்துபோகலாம். ஒருவருக்கு வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 336 மாணவர்கள். மேலே சொன்ன 150 நிமிடத்துக்கு இதுவே அரை மணி நேரம் குறைவு. வாலிபாலோ கூடைப்பந்தோ ஆடினால் எண்ணிக்கை இன்னும் இறங்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை பூட்டிக் கிடக்கும் ஏழு மணி நேரத்தையும் திறந்துவிட்டால் 672 பேருக்கு இடம் உண்டு. பெரிய கேலரி வேண்டும் என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இரண்டாயிரம் பேர் உட்காரப் படிக்கட்டு, அவர்கள் வந்துபோக அகலமான வாசல், அத்தனை பேருக்குக் கழிப்பறை, மொத்தத்தையும் மூட நீண்ட பாய்ச்சல் கொண்ட கூரை என்று செலவு பார்வையாளரைச் சுற்றியே வளரும். அந்தப் பார்வையாளர் ஆண்டுக்கு எத்தனை நாள் வருகிறார்? அதே பணத்தில் இரண்டாவது தளம் ஒன்றையோ, விளக்கு போட்ட வெளிக்களங்கள் சிலவற்றையோ அமைத்தால் விளையாடுபவர் எண்ணிக்கை கூடும். அப்படியானால் கூரையே எதற்கு என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்போது ஒற்றைப்படை செமஸ்டர் இன்னும் முடிந்திருக்காது. வெயில் மார்ச்சிலேயே வந்துவிடும். நம் ஊரில் கூரை ஆடம்பரமல்ல. கேலரிதான் ஆடம்பரம்.

தளத்துக்கு வருவோம், பணம் போவதும் பாழாவதும் அங்கேதான். நல்ல மரத்தளத்தில் மேலே தெரியும் பலகை பாதிக்கதைதான். அதற்குக் கீழே ரப்பர் பட்டைகளும் இடைவெளியும் வைத்து, குதித்து இறங்குபவரின் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகும் அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தளமே வாங்கிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். அந்தப் பங்கு குறைந்தது 25 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது ஈ.என். 14904 என்ற ஐரோப்பியத் தரநிலை. சிமென்ட் தரையில் டைல்ஸ் ஒட்டி, மேலே கோடு போட்டுவிட்டால் பார்வைக்கு அரங்கம்தான்; முழங்காலுக்கு அது தெருதான். சரி, நல்ல தளமே போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பட்டமளிப்பு விழா வருகிறது. பந்தல்காரர் கொண்டுவரும் இரும்பு நாற்காலிகளில் பாதிக்கு ரப்பர் குமிழ் கழன்றிருக்கும். மேடையின் ஒரு கால், வாலிபால் கம்பம் நடும் குழியின் உலோக மூடி மேலேயே வந்து நிற்கும். சிவப்புக் கம்பளம் நகராமலிருக்க ஒட்டிய டேப்பை மறுநாள் உரிக்கும்போது வார்னிஷும் கூடவே வந்துவிடும். விழாவுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வாரம் விளையாட்டு கிடையாது. பிறகு வேலைவாய்ப்பு முகாம், நுழைவுத்தேர்வு, கருத்தரங்கத்துக்கு வந்தவர்களின் மதியச் சாப்பாடு. தளத்தில் சாம்பார் கொட்டிய கதை எந்த ஆய்வறிக்கையிலும் வராது.

வேறு பெரிய மண்டபம் இல்லையே, என்ன செய்வது என்பீர்கள். நியாயமான கேள்விதான். மண்டபம் தேவையென்றால் மண்டபம் என்ற பெயரிலேயே கேட்டுக் கட்டலாம். விளையாட்டு நிதியில் அதைக் கட்ட வேண்டியதில்லை. முடியாத இடத்தில், விழாக்களுக்கு ஆண்டுக்கு இத்தனை நாள்தான் என்று உச்சவரம்பு வைத்து, தளத்தை மூடும் விரிப்பையும் அதே மதிப்பீட்டில் சேர்த்து வாங்கலாம். வாடகை வருமானம் வேண்டுமென்றால் அதற்கும் வழியுண்டு. விடுமுறை நாட்களில் சுற்றுவட்டாரத்து மக்களுக்குக் களத்தை மணிக் கணக்கில் கொடுங்கள். விளையாட வருபவர்கள் ஷூ போட்டு வருவார்கள். ஆணி அடிக்க மாட்டார்கள்.

அரங்கம் சாதாரணர்களுக்கு என்றால் வீரர்களின் கதி என்ன என்பது அடுத்த மறுப்பு, வலுவானதும்கூட. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் 2020இல் புவனேஸ்வரில் தொடங்கியபின் பல்கலைக்கழக அணிகளின் மதிப்பு கூடியிருக்கிறது. அங்கே போய் ஆடுபவருக்குப் பயிற்சி செய்யத் தரமான களம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் போட்டித் தரம் என்பது தளத்தின் நெகிழ்ச்சி, கூரையின் உயரம், கண்ணைக் கூசாத வெளிச்சம், காற்றின் கட்டுப்பாடு ஆகியவற்றில் இருக்கிறது. பேட்மிண்டனில் அடிக்கும் ஷட்டிலின் எடை ஏறக்குறைய ஐந்து கிராம். பக்கவாட்டு ஜன்னல் வழியே வரும் சின்னக் காற்றுகூட அதைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும். அதற்குப் பயந்து ஜன்னலை அடைத்தால் தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரலில் அரை மணி நேரம் தாங்காது. உயரத்தில் காற்றுப்போக்கி வைத்து, கூரைக்கு வெப்பத்தடுப்பு கொடுத்து இதைத் தீர்க்கலாம். இதெல்லாம் வீரருக்கும் நல்லது, விடுதி மாணவருக்கும் நல்லது. கேலரி இரண்டு பேருக்கும் உதவாது. அணிக்கு என்று காலையில் இரண்டு மணி நேரம் தனியே ஒதுக்குவதில் யாருக்கும் சிரமமில்லை. அதோடு, விளையாடும் கூட்டம் பெரிதாக இருந்தால்தான் தேர்ந்தெடுக்கவும் ஆள் கிடைக்கும். இப்போது பள்ளியிலேயே வீரராகிவிட்டவரை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்து, அவர் வாங்கும் பதக்கத்தை நம் பெயரில் எழுதிக்கொள்கிறோம். நாம் உருவாக்கியது என்று சொல்லிக்கொள்ளும்படி அதில் அதிகம் இல்லை.

கட்டினாலும் மாணவர்கள் வருவதில்லை, எல்லாம் செல்போன் யுகம் என்ற சலிப்பை உங்களில் சிலரே சொல்லக்கூடும். அரங்கம் திறந்திருக்கும் நேரத்தில் வகுப்பு நடக்கிறது. வகுப்பு முடிந்தபின் அரங்கம் பூட்டியிருக்கிறது, அல்லது கடைசிப் பஸ் புறப்பட்டுவிடுகிறது. இதைச் சரிபார்க்காமல் செல்போனைக் குற்றம் சொல்வது எளிது. இன்னொரு தடை கூச்சம். பள்ளியில் பி.டி. வகுப்பைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்ட தலைமுறை இது; மட்டையைப் பிடிக்கத் தெரியாதவர் தேர்ந்தவர்கள் ஆடும் களத்தில் கால் வைக்கத் தயங்குவார். கலை அறிவியல் பட்டப்படிப்புகளில் பகுதி ஐந்து என்று ஒன்று இருக்கிறது, என்.எஸ்.எஸ்., என்.சி.சி., யூத் ரெட் கிராஸ் ஆகியவற்றோடு விளையாட்டும் அதில் ஒரு தேர்வு. நடைமுறையில் விளையாட்டு என்பது ஏற்கெனவே அணியில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிப்போகிறது. அதே பகுதி ஐந்தில் தொடக்கநிலையினருக்கென்று ஒரு பாதை அமைத்து, வாரம் இரண்டு மணி நேரம் கால அட்டவணையிலேயே போட்டு, ஒரு விளையாட்டை ஒரு செமஸ்டரில் சொல்லிக்கொடுங்கள். அதற்குப் பின்னும் வரவில்லை என்றால் மாணவர்களைக் குறை சொல்லலாம்.

மாணவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சேர்க்கையில் அவர்கள் ஏறக்குறையப் பாதி. விளையாட்டரங்கத்தில் அந்தப் பாதியைப் பார்ப்பது அரிது. விடுதி வாசலில் மாலை வருகைப்பதிவு எத்தனை மணிக்கு என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில், அரங்கத்தில் விளக்கு எரியத் தொடங்கும் நேரமும் மாணவிகள் உள்ளே போயாக வேண்டிய நேரமும் ஒன்றாகவே இருக்கும். வீட்டிலிருந்து வந்துபோகிறவருக்கு வகுப்பு முடிந்ததும் பஸ். ஆகவே அவர்களுக்கான நேரம் பகலில், வகுப்பு அட்டவணைக்குள் இருந்தால்தான் உண்டு. உடைமாற்றும் அறை வரைபடத்தில் இருக்கும். போய்ப் பார்த்தால் கிழிந்த வலையும் பழைய மேசைகளும் அடுக்கிய கிடங்காக மாறியிருக்கும். தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் போட ஒரு கூடை என்று சில்லறைச் செலவில் முடியும் விஷயங்கள் இவை. மாணவிகளுக்கென்று தனி நேரம் ஒதுக்கினால் ஆண் பெண் பிரிவினையாகாதா என்று முற்போக்கான நண்பர்கள் கேட்கலாம். கலந்து ஆடும் நேரமும் இருக்கட்டும். முதல் முறை மட்டையைத் தொடுகிறவருக்கு வேடிக்கை பார்க்கும் கூட்டம் இல்லாத ஒரு மணி நேரம் தேவைப்பட்டால் அதைக் கொடுப்பதில் கொள்கை எதுவும் உடைந்துவிடாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் இதே பட்டியலில் சேரும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என்று தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பேட்மிண்டனில் பதக்கம் வாங்கினார்கள். அவர்களை வாழ்த்தி பேனர் வைத்த வளாகங்களிலேயே அரங்கத்துக்குள் போக ஐந்து படி ஏற வேண்டியிருந்தால் அந்த வாழ்த்துக்கு என்ன மதிப்பு?

இனி, நீங்கள் மட்டுமே தீர்க்கக்கூடிய சிக்கல் ஒன்று. பாரதியார், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார் போன்றவை இணைப்புப் பல்கலைக்கழகங்கள். வளாகத்தில் பெரும்பாலும் முதுகலைத் துறைகளும் ஆய்வு மாணவர்களும்தான். இளங்கலை மாணவர்கள் சில மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கல்லூரிகளில் படிக்கிறார்கள். விளையாட்டுக் கட்டணம் வசூலாவது அவர்களிடமிருந்தும்தான். வளாகத்தில் எழும் அரங்கத்தை அவர்கள் பார்ப்பது, பார்த்தால், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு அணியோடு வரும் ஒரு நாளில். வளாகத்தில் ஒரு பெரிய அரங்கத்துக்குப் பதிலாக, மண்டலத்துக்கு ஒன்றாக அரசுக் கல்லூரிகளில் சுவரில்லாத கூரைக்களங்கள் அமைக்கலாமா என்பதைத் தயவுசெய்து விவாதியுங்கள். நான்கு பக்கமும் திறந்த கூரை, கீழே நல்ல தளம், விளக்கு, பக்கத்தில் ஒரு உடைமாற்றும் அறை. பேட்மிண்டனுக்குக் காற்று தொல்லை செய்யும் என்பது உண்மை. வாலிபாலுக்கும் கபடிக்கும் கூடைப்பந்துக்கும் அது பெரிய பிரச்சினையல்ல. இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைப்பதற்கில்லை: ஐந்து ஊர்களில் ஐந்து கூரைகளைத் திறந்துவைப்பதில், ஒரே பெரிய அரங்கத்தைத் திறந்துவைப்பதன் பளபளப்பு வராது.

சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே தடுமாறும் பல்கலைக்கழகங்களிடம் இதெல்லாம் கேட்கலாமா? பணமில்லாத இடத்தில்தான் இதைக் கேட்டாக வேண்டும். பெரும்பாலான அரங்கங்களைப் பாழாக்குவது கட்டுமானச் செலவு அல்ல, அதற்குப் பின் வரும் சின்னச் செலவுகள். மின்கட்டணம் யார் தலையில் என்று தெரியாமல் விளக்கு எரியாது. பல்பு போனால் இருபது அடிக்கு மேலே ஏறி மாற்ற ஆளிருக்காது. கூரை ஒழுகி மரத்தளத்தின் ஒரு மூலை உப்பும். ஆண்டுப் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு இல்லாத மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தராமலிருப்பதே பெரிய சிக்கனம். ஆள் பற்றாக்குறைக்கும் வளாகத்துக்குள்ளேயே விடை உண்டு. உடற்கல்வித் துறை உள்ள பல்கலைக்கழகங்களில் பி.பி.எட்., எம்.பி.எட். மாணவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி கட்டாயம்; ஒரே ஒரு உடற்கல்வி இயக்குநர் காலை முதல் இரவு வரை அரங்கத்தைக் காக்க முடியாது என்பதும் உண்மை. அந்த மாணவர்களுக்கு மணிக்கணக்கில் உதவித்தொகை கொடுத்துத் தொடக்கநிலையினருக்குச் சொல்லிக்கொடுக்க வையுங்கள்.

ஏற்கெனவே அரங்கம் உள்ள பல்கலைக்கழகங்களுக்குப் புதிய தீர்மானத்துக்காகக் காத்திருக்க அவசியமில்லை. வரும் செமஸ்டரின் முதல் வாரத்தில் வாசலில் ஒரு பதிவேடு வைத்து, வருபவரின் துறை, நேரம், ஆணா பெண்ணா என்று மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த சிண்டிகேட் கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, அதன் பிறகு புதிய அரங்கத்துக்கான கோப்பைப் பிரியுங்கள்.